இழுத்தால் வர வேண்டும்

எங்கள் செபஸ்தியான் மாஸ்டர் ஒன்று சொல்லுவார். திருப்பூரில் நான் முதன்முதலாகச் செக்கிங் வேலைக்குப் போனபோது எனக்குத் தொழில் காட்டியவர் அவர். "உடுப்பு நம்ம கையை விட்டுப் போனதுக்கப்புறமும் நம்ம கைதான்டா அதைப் புடிச்சிட்டிருக்கு. அதனால..." என்று ஆரம்பிப்பார். அந்த 'அதனால'வுக்குப் பிறகு ஏதோ ஒன்று சொல்லுவார். அது என்ன என்று நாற்பது நாளாக யோசிக்கிறேன், வர மாட்டேன் என்கிறது.

நீங்க கரூருங்களா? சரி. நான் வெள்ளகோவிலில் இறங்கிவிடுவேன். பையில் என்ன என்று கேட்டீங்களே. இரண்டு சட்டைங்க. காக்கி, அரைக்கை. நானே தைத்தது, ஒருத்தருக்குக் கொண்டுபோகிறேன். அவர் அளவு எனக்குத் தெரியாது, கண்ணளவில் வெட்டினேன். தோளுக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். கிழியாது.

கிழியாது என்று சொல்லும்போதே வாய் கசக்கிறது, பாருங்க.

இப்போது ஒரு தென்னந்தோப்பைத் தாண்டினோமே, உள்ளே தகரக் கூரை தெரிந்ததே, நாய்கள் குரைத்த சத்தம்கூடக் கேட்டிருக்குமே? அதுதான் இடம். ரமாமணி டீச்சர் என்று ஒரு ரிட்டயர்டு டீச்சர் நடத்துகிறார். ரோட்டில் அடிபட்டது, குட்டி போட்டுத் துரத்திவிட்டது, கண் தெரியாதது, எல்லாம் சேர்த்து நாற்பது நாய் இருக்கும். நல்ல மனுஷி. நான் அவரைத் தப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஒழுங்கு கிடையாதுங்க. எங்கள் ஃபேக்டரியில் ஒரு கதவுக்குக் கொண்டி வைக்கிறதென்றால்கூட அது எந்த உயரம், முனை எந்தப் பக்கம் என்று எழுதி ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இங்கே எவனோ ஒரு வெல்டிங்காரன் வந்தான், கூண்டுக் கதவில் முனை மேலே பார்க்கிற மாதிரி ஒரு கொக்கியை வைத்தான், போனான். யாராவது கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜோர்டானில் இருபத்தோரு வருடம் இருந்தேன். ஏற்றுமதி கம்பெனி, குழந்தை உடுப்பு. நான் கியூசி, தரம் பார்க்கிறவன். இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. பட்டனை ஒரு கவ்வியில் மாட்டி இழுப்போம். இத்தனை எடை, இத்தனை நொடி என்று கணக்கு இருக்கிறது. கழன்று வந்தால் அந்த லாட் முழுக்க ரிஜெக்ட். சின்னக் குழந்தை வாயில் போட்டு விழுங்கிவிடும் அல்லவா? இருபத்தோரு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. ஒன்றுகூட.

என் சம்சாரம் பிரேமா போனபோதும் நான் அங்கேதான் இருந்தேன். மூளைக் காய்ச்சல், நாலே நாள். டிக்கெட் கிடைத்து வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். போனில்தான் பார்த்தேன். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது என் மகள் சம்யுக்தா, எங்களுக்குச் சம்மு. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. கை ஆடாமல் பிடித்திருந்தாள். நான்தான், "இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டும்மா" என்று கேட்டேன். கிட்டப் போய்க் காட்டினாள்.

அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு வந்தேன். இனிமேல் பொண்ணோடுதான் என்று வந்தேன். அவள், "வாங்க" என்றாள். "சாப்பிடுங்க" என்றாள். "கதவைச் சாத்திக்கங்க, நான் வர நேரமாகும்" என்றாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வருகிறவரிடம் பேசுவோமே, அந்த மரியாதை. அம்மாவிடம் வா போ என்றுதான் பேசுவாள். எனக்கு மட்டும் வாங்க, போங்க. கல்லூரி விட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக நாய்களிடம் போய்விடுவாள். வீட்டுக்கு வரும்போது ஆறரை, ஏழு ஆகும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே கேட்டாள். "உங்களுக்குத் தைக்கத் தெரியும்ல? அங்க பந்தனா தச்சு ஞாயித்துக்கிழமை ஸ்டால்ல விக்கலாம்னு இருக்கோம். டெய்லர் யாரும் கெடைக்கல."

பந்தனா தெரியுமில்லையா உங்களுக்கு? நாய் கழுத்தில் கட்டுகிற முக்கோணத் துண்டு. அதை விற்கிற காசில் மருந்து, தீவனம். தெரியுமா என்று கேட்டாளே, அவ்வளவு போதும் எனக்கு. மறுநாளே ஒரு பழைய மிஷினைப் பிடித்தேன். மொத்தக் கடையில் காட்டன் துண்டுத் துணி மூட்டையாகக் கிடைக்கும், கட்டம் போட்டது, பூப்போட்டது, கோடு போட்டது. ஒரு நாளைக்கு இருபது தைத்தேன். ஓரம் மடித்து, மூலை திருப்பி, தேய்த்து அடுக்கிக் கொடுத்தால் அவள் எண்ணிப் பார்த்துப் பையில் வைப்பாள். சில நாள், "இந்தக் கலர் நல்லாருக்கு" என்பாள். அந்தக் கலரில் மறுநாள் நாற்பது தைப்பேன்.

டீச்சர் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னார். "சார், பின்னாடி ஒரு இஞ்ச் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை மட்டும் போதும். இழுத்தா வரணும். எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா நாய் தானா உருவிக்கிட்டு வந்துடணும்."

இழுத்தால் வர வேண்டுமாம். இழுத்தால் வரக் கூடாது என்று இருபத்தோரு வருடம் கையெழுத்துப் போட்டவனிடம். சரி, தைத்துக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் ஸ்டாலில் ஒரு பொண்ணு வந்து நின்றது, கையில் சேறும் சகதியுமாக ஒரு பந்தனா. "அங்கிள், எங்க டாமி ஒரு உதறு உதறுச்சு, சாக்கடைல விழுந்திருச்சு" என்றது. டீச்சர் சிரித்துக்கொண்டே, "அப்படித்தாம்மா இருக்கணும்" என்று வேறொன்றைக் கொடுத்து அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் ரிட்டர்ன் அது.

அங்கே வேலைக்கு இருந்தவர் வெள்ளியங்கிரி. அறுபதைத் தாண்டியவர். கூண்டு கழுவுவது, சோறு கிளறிப் போடுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அவர்தான். அவர் பந்தனாவைப் பார்த்ததும் என்னிடம், "ஏனுங்க, அல்லாத்துக்கும் துண்டு போட்டு உட்டீங்க, எந்தக் கட்சீங்க இது?" என்றார். கேலிக்காரர். நாய்களை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். கடித்தாலும், "ஏஞ் சாமி, பசிக்குதா?" என்பார்.

அந்தச் சட்டை அவருக்குத்தான்.

பூந்தியைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. என் மகளுடைய நாய். அவள் நாய் என்றால் வீட்டு நாய் இல்லை, அங்கே இருந்த நாய்தான். லாரியில் அடிபட்டுப் பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டே நடக்கும். மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக இருக்கும், அதனால் பூந்தி. பிரேமா இறந்த அந்த மாதத்தில்தான் சம்மு அதை ரோட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். இதைக்கூட டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் தோப்பு முனையில் கேட்டால் போதும், அந்த ஒன்றரைப் பின்னங்காலை வைத்துக்கொண்டு கூண்டுக் கதவில் தாவித் தாவி ஏறும். அத்தனை நாய் குரைக்கும், பூந்தி மட்டும் குரைக்காது, ஏறும்.

சம்முவுக்கு இருபதாவது பிறந்தநாள் வந்தது. முந்தின வாரம் அவள் அம்மாவின் சேலை ஒன்றைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள். அரக்கு நிறச் சுங்குடி. முந்தானை கொஞ்சம் நைந்திருந்தது. "இதுல பூந்திக்கு ஒண்ணு தச்சுத் தர்றீங்களா?" என்றாள். அவ்வளவு நாளாக அம்மா சேலை இருக்கிற அலமாரிச் சாவியை என் கண்ணில் காட்டாதவள் அவள். நான் கேட்டதும் இல்லை. அவளாகவே எடுத்துவந்து என் முன்னால் வைக்கிறாள்.

நீங்கள் சொல்லுங்க. அந்தத் துணிக்கு ஒரு இஞ்ச் வெல்க்ரோவா வைப்பது? ஒரு உதறு உதறினால் சாக்கடையில் போய் விழுமே, அதையா வைப்பது?

உள்ளே கேன்வாஸ் கொடுத்தேன். ஓரம் நாலு தையல். பின்னால் ஸ்கூல் பைக்குப் போடுகிற நாடா, அதற்கு ஒரு பிளாஸ்டிக் பக்கிள். பக்கிள் தெரியாமல் மேலே ஒரு மடிப்பு வைத்து, அந்த மடிப்புக்கு வெல்க்ரோ ஒட்டினேன், அது அழகுக்குத்தான். முடித்துவிட்டு ஜன்னல் கம்பியில் மாட்டி இருபத்தைந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். கால் மணி நேரம். ஒரு நூல்கூட விடவில்லை.

பூந்தி பதினாறு கிலோ.

பிறந்தநாள் சனிக்கிழமை. நானே கொண்டுபோய் நானே கட்டிவிட்டேன். சம்மு பூந்தியைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தாள். என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து ஒன்று எடுத்தாள். "வெல்க்ரோதானே போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். மடிப்பு மேல் தெரிகிறதே, அதைப் பார்த்துக் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

வெள்ளியங்கிரியும் கேட்டார். "ஏனுங்க, இது இழுத்தா வந்துருமுங்களா?"

"ஏன், என் தையல் மேல சந்தேகமா?"

"அய்ய, அப்படியில்லீங்க. கூண்டுக்குள்ள உடறப்பக் கழட்டிப்போட்டுத்தான் உடோணும்னு டீச்சரம்மா சொல்லியிருக்குது. அதுக்குக் கேட்டேனுங்க."

"வரும், வரும்" என்றேன்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. சோறு கிளறுகிறவர் என் தையலை விசாரிக்கிறாரே என்று. இப்போது சொல்வதற்கென்ன.

மறுநாள் ஞாயிறு. ஸ்டாலுக்குக் கொடுக்க வேண்டிய பந்தனாக்களை எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்கு நான் அங்கே போய் இறங்குகிறேன். சம்மு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டுத் திரும்பப் பால் வாங்கப் போயிருந்தாள். அவள் ஸ்கூட்டர் வந்ததும் பூந்தி வழக்கம்போல் ஏறியிருக்கிறது. அவள் கூண்டுப் பக்கம் வராமல் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள், அவளுக்குத் தெரியாது. வெள்ளியங்கிரி அடுப்படியில் இருந்தார். நான் உள்ளே போகும்போதுதான் அவர் சத்தம், "ஏஞ் சாமீ... ஏஞ் சாமீ..." என்று. ஓடினேன். அந்தக் கொக்கியில். முனை மேலே பார்த்து வைத்திருந்தான் என்றேனே, அந்தக் கொக்கியில்.

அவர் அடியில் நின்று அதன் உடம்பைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஒரு கையால் துண்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். எங்கே வரும்? பாரத்தில் பக்கிள் இறுகிப்போய் எனக்கும் கழலவில்லை. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ட்ரிம்மர் இருக்கும், நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி. அதை வைத்து அறுத்தேன். நாலு தையல், கேன்வாஸ், நாடா. நான் போட்டதை அறுக்க எனக்கே அவ்வளவு நேரம் ஆனது. இறக்கிப் படுக்க வைத்தபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது. வெள்ளியங்கிரி அதன் வாயில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். நான் அறுத்த துணியைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏன் வைத்தேன் என்று கேட்காதீங்க. கை வைத்தது.

சாயங்காலம் டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். வெள்ளியங்கிரி நின்றுகொண்டிருந்தார். "நேத்துக் கூண்டுக்குள்ள உடறப்ப இழுத்துப் பார்த்தேனுங்க, வரலீங்க. சரி, புள்ளை ஆசையாக் கட்டச் சொன்னதாச்சே, இருக்கட்டும்னு உட்டுட்டேன்" என்றார். சம்மு எழுந்தாள். அழுது அழுது முகமே மாறிப்போயிருந்தது. "பொய் சொல்லாதீங்க தாத்தா. எங்கப்பா தச்சது எல்லாமே இழுத்தா வரும். நீங்க இழுக்கவே இல்ல. கழட்ட மறந்துட்டீங்க. மறந்துட்டேன்னு சொல்லுங்க, போதும்."

எங்கப்பா என்றாள். அத்தனை பேர் முன்னால்.

வெள்ளியங்கிரி அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கொக்கியிலிருந்து நான் என்ன அறுத்தேன் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். பிறகு தலையைக் குனிந்து, "மறந்துட்டேன் கண்ணு" என்றார்.

நான் அப்போது கொக்கியைப் பற்றித்தான் சொன்னேன். அதை மாற்ற வேண்டும், முனையைக் கீழே பார்க்க வைக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் அவர் துணிப்பையோடு கிளம்பினார். போகச் சொன்னார்களா, அவராகப் போனாரா, இரண்டும்தான். ஒவ்வொரு கூண்டாகப் போய் நின்றுவிட்டு வந்தார். என்னைத் தாண்டும்போது, "வர்றேனுங்க" என்றார். சரி என்றேன்.

அன்று ராத்திரியிலிருந்து சம்மு என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். தோளில் சாய்ந்து அழுவாள். "நீ சாப்டியாப்பா?" என்பாள். நீ என்கிறாளே என்று நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அம்மா சேலையெல்லாம் எடுத்துக் காட்டினாள், எது எப்போது எடுத்தது என்று சொன்னாள். அம்மா கடைசி நாலு நாள் என்னவெல்லாம் பேசினாள் என்று சொன்னாள். மூன்று வருடமாக நான் கேட்கப் பயந்ததையெல்லாம் அவளே சொன்னாள். இந்த நாற்பது நாள் இருக்கிறதே, என் ஆயுசில் இப்படி இருந்ததில்லைங்க. மகள் கையால் காப்பி, மகளோடு சாப்பாடு. அந்த நாய் போனதில் எனக்கு மகள் கிடைத்துவிட்டாள் என்று ஒருநாள் நினைத்தும்விட்டேன். நினைத்துவிட்டு எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தேன்.

நடுவில் ஒரு தடவை கேட்டாள், "அந்தச் சுங்குடித் துண்டு எங்கப்பா?" என்று. பூந்தியோடு சேர்த்துப் புதைத்துவிட்டேன் என்றேன். "நல்லதுப்பா" என்றாள்.

இதோ, என் பையில்தான் இருக்கிறது, சட்டைகளுக்கு அடியில். வேண்டாம், எடுக்கவில்லை.

வெள்ளியங்கிரி வெள்ளகோவில் பக்கம் தங்கச்சி வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் போய்ச் சட்டையைக் கொடுத்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அவர் மன்னித்துவிடுவார், அந்த மாதிரி மனுஷர். அவருக்கும் எனக்கும் நேராகிவிடும். சம்முவிடம் கரூருக்குத் துணி பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளை எதற்கு இதில் இழுப்பது? இப்போதுதான் கொஞ்சம் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அது போதாதா? நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

இருங்க, அவள்தான் கூப்பிடுகிறாள்.

"சொல்லு கண்ணு... பஸ்லதான்... காங்கயம் வரப்போகுது... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... என்ன? எப்ப?... யாரு கொண்டுவந்து விட்டாங்க?... கண்ணு தெறந்திருச்சா?... ம்... ம்... அம்மா சேலைல மீதி இருக்குது, ஆமா... ம்... கேக்குதும்மா. கேக்குது. பஸ் சத்தம், அதுதான்... வச்சிடு."

புதுக்குட்டி ஒன்று வந்திருக்கிறதாம். அதே மஞ்சள், அதே மாதிரிப் பொட்டாம். பூந்தி என்றே பெயர் வைத்துவிட்டாளாம். மீதிச் சேலையில் இதற்கும் ஒன்று தைக்கணுமாம். "நீ பூந்திக்குத் தச்ச மாதிரியேப்பா, மாறவே கூடாது, அதே மாதிரி" என்கிறாள்.

செபஸ்தியான் மாஸ்டர் என்னதான் சொல்லுவார்... வரவில்லைங்க.

கண்டக்டர், காங்கயம் ஒண்ணு இறங்கணும்.

கொஞ்சம் காலை நகர்த்திக்கங்க. திருப்பூர் பஸ் எதிர்வரிசையில் நிற்கும். இந்தத் துண்டை அவள் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டு, அவள் வந்தால் அவளோடு, வராவிட்டால் நான் மட்டும், நாளைக்கு வெள்ளகோவில் போகிறேன்.